வண்டிக்குள் ஒரு கொலுசு

“கேட்டுச்சா?” என்றாள் ஜெயஸ்ரீ.

முடிச்சூர் ரோட்டில் ஒரு ஸ்பீடு பிரேக்கரை வண்டி அப்போதுதான் ஏறி இறங்கியிருந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே அவள் இடது தோளைக் காதுவரை தூக்கி, பல்லைக் கடித்து, மெல்ல இறக்கினாள். கொஞ்ச நாளாக ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும் இந்தத் தோள் தூக்கல் நடக்கிறது. பக்கத்து சீட்டில் இருந்த பக்தவச்சலம் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ஜின் கேட்டது. ஏசி காற்று கேட்டது. பின்னால் வந்த தண்ணீர் லாரிக்காரன் அடித்த ஹாரன் ஊருக்கே கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

“எங்க?” என்றார்.

“எங்கன்னு தெரிஞ்சா நான் ஏன் உங்களக் கேக்கப் போறேன்? கொலுசு மாதிரிங்க. சின்னப் புள்ளைங்க போடற கொலுசு. ச்சிலிங்னு ஒரு தடவ. அவ்வளவுதான்.”

“கொலுசெல்லாம் வண்டிக்குள்ள எப்படி வரும்?”

“அதத்தான் நானும் கேக்கறேன்.”

பக்தவச்சலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். வண்டிக்குள் வரும் சத்தத்தைப் பற்றி அவரிடமே சொல்வதா? மறைமலை நகரில், கார்களுக்கு டேஷ்போர்டும் கதவின் உள்பலகையும் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் அவருக்கு அதுதான் வேலை. புதிதாகச் செய்த பாகங்களை ஒரு வண்டியில் மாட்டி, கம்பெனிக்குப் பின்னால் வேண்டுமென்றே குண்டும் குழியுமாகக் கருங்கல் பதித்த பாதையில் ஓட்டுவார்கள். சாலமன் ஓட்டுவான். பக்தவச்சலம் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பார்க்கிறவர்களுக்கு மனிதர் சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்குகிறார் என்றுதான் தோன்றும். ஒரு சுற்று முடிந்ததும், “லெஃப்ட் டோர், கைப்பிடிக்கு மேல, ரெண்டாவது கிளிப்” என்பார். கழற்றிப் பார்த்தால் ரெண்டாவது கிளிப்தான் சரியாக உட்காராமல் இருக்கும். கம்பெனியில் அவர் பெயரை யாரும் முழுசாகச் சொல்வதில்லை. ‘காது’ என்றே பெயர். காதைக் கூப்பிடு, காது வந்துட்டாரா, காது ஓகே சொல்லிட்டாரா. வருஷக்கணக்கில் இப்படிக் கேட்டுக் கேட்டு, அந்தப் பெயர் அவருக்குப் பட்டம் மாதிரி ஆகிவிட்டது.

அந்தக் காதுக்குத்தான் வருகிற திங்கட்கிழமை பரிசோதனை. இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்கு வருஷா வருஷம் நடப்பதுதான். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார்ந்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பட்டனைக் கட்டைவிரலால் அமுக்க வேண்டும். போன வருஷமும் அதற்கு முந்தைய வருஷமும் அவர் தேறிவிட்டார். எப்படித் தேறினார் என்பது அவருக்கு மட்டும் தெரியும். வெளியே மெஷினைத் திருகும் நர்ஸம்மாவின் முழங்கை, ஒவ்வொரு சத்தத்துக்கும் கொஞ்சம் வெளியே வந்து போகும். கண்ணாடி வழியாக அது தெரிந்தது. முதலில் தற்செயலாகத்தான் பார்த்தார். அப்புறம், தான் சத்தத்துக்கு அமுக்குகிறோமா முழங்கைக்கு அமுக்குகிறோமா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பிரித்துப் பார்க்க அவருக்கு ஆசையும் இல்லை.

இந்த வருஷம் மெஷினை மாற்றிவிட்டார்கள். முதல் ஆளாகப் போய்விட்டு வந்த சாலமன் சொன்னான். “மச்சான், இந்த வாட்டி எல்லாம் கம்ப்யூட்டர். செவுத்தப் பாத்து உக்கார வச்சுட்றாங்க. எனக்குத் தூக்கமே வந்துடுச்சு.” அவனுக்குத் தூக்கம் வந்தது. அதைக் கேட்டதிலிருந்து இவருக்குத் தூக்கம் போனது. தேறாவிட்டால் வேலையை விட்டெல்லாம் அனுப்ப மாட்டார்கள். ஸ்டோர்ஸுக்கு அனுப்புவார்கள். இவருக்கு முன்னால் இந்த சீட்டில் உட்கார்ந்திருந்த குமரேசனை அப்படித்தான் அனுப்பினார்கள். ஒரு காலத்தில் அவர் சொன்னால் லைனே நிற்கும். இப்போது அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கேன்டீனில் பார்த்தால் எல்லோரும் நலம் விசாரிக்கிறார்கள். யாரும் எதையும் கேட்டுச் சொல்லச் சொல்வதில்லை.

இந்த நேரம் பார்த்தா இவள் கொலுசைக் கட்டிக்கொண்டு வந்து நிற்க வேண்டும்?

வண்டி என்னவோ ஜெயஸ்ரீயுடையது மாதிரிதான். பொழிச்சலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர். தினமும் முடிச்சூரிலிருந்து தாம்பரம், பல்லாவரம், பம்மல் என்று எல்லாப் பள்ளத்தையும் அவள்தான் எண்ணிக்கொண்டு போய் வருகிறாள். இவர் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவார். அதனால் சத்தத்தோடு குடித்தனம் நடத்துகிறவள் அவள். ‘தலைக்குள்ள யாரோ ஊசி போட்ற மாதிரி இருக்கு’ என்று முதல் நாள் சொன்னபோது, பக்தவச்சலம் பெரிய மனசு பண்ணி, ஞாயிற்றுக்கிழமை பார்த்துத் தருவதாகச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனது.

வண்டியில் இருந்ததையெல்லாம் வாசலில் எடுத்துப் போட்டார். கம்பி நீட்டிக்கொண்டிருந்த குடை, சாக்பீஸ் டப்பா, மூடியில்லாத சிவப்புப் பேனாக்கள், ஆயுத பூஜைக்கு வைத்துக் காய்ந்துபோன எலுமிச்சம்பழம், எந்தக் கோயிலுடையது என்று தெரியாத விபூதிப் பொட்டலங்கள், யாருடையது என்றே தெரியாத ஒரு ஒற்றைச் செருப்பு. டிக்கியில் ஜாக்கியையும் ஸ்பேனரையும் பழைய லுங்கியில் சுற்றிக் கட்டினார். நம்பர் பிளேட் திருகாணிகளை முறுக்கினார். கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ஃபோம் டேப்பை, கண்ணில் பட்ட சந்துகளுக்கெல்லாம் ஒட்டினார். டேஷ்போர்டு மேலிருந்த பிள்ளையாரையும் விட்டுவைக்கவில்லை. பெயர்த்தெடுத்து, அடியில் மெத்தை மாதிரி டேப் ஒட்டி, மறுபடி உட்கார வைத்தார். ஒவ்வொரு தடவையும் அவளைக் கூட்டிக்கொண்டு தெருவைச் சுற்றி வருவார். “போச்சா?” என்பார். “இல்ல” என்பாள். தோளைத் தூக்குவாள்.

“உனக்குத்தான் புள்ளைங்ககிட்ட கத்திக் கத்திக் காது கெட்டுப்போச்சு” என்றார் கடைசியில்.

“கேக்காம போனாதான் காது கெட்டுப்போச்சும்பாங்க. கேட்டா எப்படிங்க கெட்டதாகும்?” என்றாள். கணக்கு டீச்சர் இல்லையா.

அவருக்கு வேறொன்றும் அரித்துக்கொண்டிருந்தது. வாஷிங் மெஷின் துவைத்து முடித்ததும் பீப் பீப் என்று கூப்பிடும். அது எப்போதிருந்து கூப்பிடவில்லை என்று அவர் யோசித்ததே இல்லை. மெஷின் பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சாயங்காலம் அவர் மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்று பிரஷ் கழுவிக்கொண்டிருக்கும்போது, ஹாலில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த ஜெயஸ்ரீ எழுந்து வந்து துணிகளை எடுத்தாள். அவளை யார் கூப்பிட்டது என்று அவர் கேட்கவில்லை. பயமாக இருந்தது.

சனிக்கிழமை அவளே வண்டியைப் பெருங்களத்தூரில் உதயாவின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனாள். இவரும் கூடப் போனார். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும். உதயா கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தான். பக்தவச்சலம் வழக்கப்படி பின்சீட்டில் ஏறிக் கண்ணை மூடினார். ஜெயஸ்ரீ ஒர்க்‌ஷாப் நிழலிலேயே நின்றுகொண்டாள். தண்டவாளத்தை ஒட்டின ரோட்டில் வண்டி குலுங்கிக் குலுங்கிப் போனது.

“தோ, வந்துச்சு பாருங்க சார்” என்றான் உதயா. “சன்னமா கீது. கேட்டீங்களா?”

“ம்” என்றார். சொன்ன பிறகுதான், தான் சொன்னது பொய் என்பது உறைத்தது.

“மேடம் சொன்னாங்கோ, நீங்க கம்பெனில இத்தயே வேலையா பண்றீங்கன்னு. நாங்க இன்னாத்த சொல்றது? எங்கேர்ந்து வருதுன்னு நீங்களே சொல்லுங்க சார். கயட்டிடலாம்.”

தெரியவில்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். காது என்று ஊரே கூப்பிட்ட மனிதர், பெருங்களத்தூரில் ஒரு மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வார்? கம்பெனியில் பாதிக்குப் பாதி சத்தம் எங்கிருந்து வருமோ, அந்த இடத்தைச் சொல்லிவைத்தார். “டேஷ்போர்டு. வலது பக்கம், மீட்டருக்குக் கீழ.”

உதயா கண்ணாடியில் அவரைப் பார்த்தான். “எனக்கு லெஃப்ட்ல, பின்னால மாரி இருந்துச்சு சார்” என்று தலையைச் சொறிந்தான். “சரி, உங்களுக்குத் தெரியாததா. நீங்க சொன்னா கரீட்டாதான் இருக்கும்.”

அவனுக்குத் தன் காதைவிட இவர் காதின் மேல் நம்பிக்கை. டேஷ்போர்டைக் கழற்றினான். வருஷக்கணக்கில் வெயிலில் காய்ந்த கிளிப்புகள் அப்பளம் மாதிரி ஒடிந்தன. ஒயர்கள் தொங்கின. பிள்ளையார் மறுபடி இடம்பெயர்ந்து, டூல் பாக்ஸ் மேல் ஸ்பேனர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். பக்தவச்சலம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, இங்கே டேப், அங்கே டேப் என்று உத்தரவு போட்டார். மத்தியானம் தாண்டி எல்லாவற்றையும் மாட்டி முடித்து, ஜெயஸ்ரீ வண்டியை வெளியே எடுத்தபோது, டேஷ்போர்டுக்குள்ளிருந்து லொடலொட என்று ஒரு சத்தம் புறப்பட்டது.

“கேக்குது” என்றார் பக்தவச்சலம். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். கனமான, பழகின, நல்ல லொடலொடப்பு. எந்த கிளிப், எந்தத் திருகாணி என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார்.

ஜெயஸ்ரீ ஸ்டீயரிங்கில் நெற்றியை ஒருமுறை முட்டினாள். “இது புதுசுங்க. அது அப்படியே இருக்கு. இப்ப ரெண்டு.”

தாம்பரம் மார்க்கெட்டில் காய் வாங்கவேண்டி இருந்தது. உதயா சொன்ன இடத்தை விட்டு, இவர் சொன்ன இடத்தைக் கழற்றிய கதையை அவனே அவளிடம் சொல்லியிருந்தான். இவர் வழியெல்லாம் அவளையே பார்த்துக்கொண்டு வந்தார். பள்ளம் வந்தது. இடது தோள் ஏறியது. “வந்துச்சு” என்றார், சட்டென்று.

அவள் திரும்பினாள். “ஆமா. இப்ப கேட்டுதா உங்களுக்கு?”

“கேக்காம என்ன? நல்லாக் கேட்டுச்சே.”

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. அடுத்த மேட்டிலும் தோள் ஏறியதும் சொன்னார். அதற்கடுத்த பள்ளத்திலும் சொன்னார். ஒன்றும் தப்பவில்லை. “அப்பாடா, நான் என்னமோ எனக்குத்தான் ஏதோன்னு நெனச்சேன்” என்றாள். அவள் குரலில் இருந்த நிம்மதி அவரையும் தொற்றிக்கொண்டது. இது ஒன்றும் பெரிய விஷயமில்லை, திங்கட்கிழமையும் ஏதாவது ஒரு வழி கிடைக்கும் என்று தோன்றியது. சுவரைப் பார்த்து உட்கார வைத்தால் என்ன? சுவரில் நிழல் விழாதா? கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சம் எங்காவது படாதா? தாம்பரம் சிக்னலில் வண்டி நின்றபோது, அவர் மனசு அந்த அறைக்குள் உட்கார்ந்து நிழல் தேடிக்கொண்டிருந்தது.

சுற்றிலும் பஸ்கள் உறுமிக்கொண்டிருந்தன. ஷேர் ஆட்டோக்காரன் ஆள் கூப்பிட்டான். அவள் இடது தோள் ஏறியது.

“தோ, இப்பகூட கேட்டுச்சு பாரு” என்றார்.

ஜெயஸ்ரீ அவரைப் பார்த்தாள். தோள் இன்னும் கன்னத்தில்தான் இருந்தது. கன்னத்து வேர்வையைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏன் வேர்க்கிறது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ஏசி ஓடவில்லை. வண்டியே ஓடவில்லை. நீண்ட சிக்னல் என்று அவள் என்ஜினை நிறுத்தியிருந்தாள்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் ஆரம்பித்தன. அவள் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுத்து, சாவியைத் திருகி, வண்டியைக் கிளப்பினாள். மார்க்கெட் வந்தது. காய் வாங்கினார்கள். கத்திரிக்காய் நன்றாக இல்லை என்று சொன்னாள், வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்கினாள். பக்தவச்சலத்துக்கு அவமானத்தில் காது மடல் சுட்டது. திட்டித் தொலைத்தால் என்ன என்று அவள் மேலேயே கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து காபி கொடுத்தபோது, டம்ளரை அவர் கையில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றாள்.

“எவ்வளவு நாளா?” என்றாள்.

“என்ன எவ்வளவு நாளா?”

“ஒண்ணுமில்ல. ஆறுது, குடிங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிபன் முடிந்ததும் அவளே சாவியை எடுத்தாள். “வாங்க, ஒரு ரவுண்டு போய்ப் பாத்துடலாம். நான் ஓட்டறேன். நீங்க கம்பெனில உக்கார்ற மாதிரி பின்னால உக்காருங்க” என்றாள். முந்தின நாள் எதுவுமே நடக்காத மாதிரி பேசினாள். இடது பக்கம், உதயா சொன்ன பக்கமாகவே ஏறி உட்கார்ந்தார். கண்ணை மூடவில்லை. மூடி என்ன ஆகப்போகிறது? இரண்டு உள்ளங்கைகளையும் கதவின் மேல் வைத்தார்.

இத்தனை வருஷத்தில் அவர் கையால் தேடியதே இல்லை. கையை வைத்தால் சத்தம் அமுங்கிவிடும், ஆள் ஏமாந்துவிடுவான் என்று புதிதாக வருகிறவர்களை அதட்டியிருக்கிறார். இப்போது பலகை மேல் விரல்களை மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தார். என்ஜினின் நடுக்கம் ஒரே சீராக வந்தது. ரோட்டின் அதிர்ச்சி தனியாக வந்தது. சீட் பெல்ட் இறங்கும் தூணில், பிளாஸ்டிக் உறைக்கு மேல், அவருடைய மோதிர விரலை ஏதோ ஒன்று சுருக்கென்று தொட்டுவிட்டுப் போனது. அடுத்த மேட்டிலும் தொட்டது. நிமிர்ந்தார். முன்னால் ஜெயஸ்ரீயின் தோள் இறங்கிக்கொண்டிருந்தது.

“நிறுத்து, நிறுத்து” என்றார்.

வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோட்டில், ஷட்டர் இறக்கியிருந்த ஒரு டைல்ஸ் கடை முன்னால் நிறுத்தினாள். அவர் உறையைப் பக்குவமாக நெம்பினார். ஒரு கிளிப்கூட ஒடியவில்லை. உள்ளே சீட் பெல்ட் போல்ட்டின் பின்னால், மெல்லிசான ஒரு வாஷர் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. விரலால் சுண்டினார். அது ஆடியது கண்ணுக்குத் தெரிந்தது. எடுத்து அவளிடம் காட்டினார். வாங்கிப் பார்த்து, “இத்தனூண்டு” என்றாள். துணி டேப்பைச் சுற்றி, இறுக்கி முறுக்கி, உறையைத் தட்டி மாட்டினார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. எவ்வளவோ நாளைக்குப் பிறகு அவருக்குத் தன் மேலேயே ஒரு பிரியம் வந்தது.

வண்டி கிளம்பியது. முதல் மேடு வந்து போனது.

“நின்னுடுச்சுங்க” என்றாள்.

“நெஜமாவா?”

“ஆமா. அந்தக் கொலுசு சத்தமே இல்ல. டேஷ்போர்டு மட்டும்தான் ஆடுது. அத அடுத்த வாரம் பாத்துக்கலாம்.”

அவர் சாய்ந்து உட்கார்ந்தார். கை இருக்கிறதே என்று நினைத்தார். கேட்காவிட்டால் போகிறது, கையால் கண்டுபிடிக்கலாம். இதைக் கம்பெனியில் சொன்னால் என்ன? நாளைக்கு அந்தப் பரிசோதனை அறைக்குள் போவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டால் என்ன? சொல்வதற்கான வார்த்தைகளைக்கூட மனசுக்குள் அடுக்க ஆரம்பித்தார். அடுத்த ஸ்பீடு பிரேக்கர் வந்தது. ஜெயஸ்ரீ ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து, கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு கடந்தாள். தோள் ஏறவில்லை. ஏறாத தோள் இப்படியா இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. பரீட்சை ஹாலில் காப்பியடிக்கிற பையன் ஒன்றும் தெரியாதவன் போல உட்காருகிற மாதிரி இருந்தது அது.

தூணில் மறுபடி கையை வைத்தார். அங்கே ஒன்றுமில்லை. அடைத்தது அடைத்ததுதான். அப்படியானால் இது வேறு எங்கோ. தான் பிடித்தது ஒன்று, அவள் கேட்பது வேறொன்று.

முடிச்சூர் ரோட்டில் திரும்பியதும், மழைநீர் கால்வாய்க்குத் தோண்டி சரியாக மூடாத பள்ளம் ஒன்று எதிர்பாராமல் வந்தது. அவள் சுதாரிப்பதற்குள் இடது தோள் காதுவரை போய்விட்டது. அவசரமாக இறக்கினாள். கண்ணாடியில் அவள் கண் ஒரு முறை அவரைத் தேடியது. அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, இளநீர் வண்டியைப் பார்ப்பது போல இருந்தார். நிறுத்து, இன்னும் இருக்கிறது, எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் அவ்வளவு பாடுபட்டுச் சொன்ன பொய்யை எப்படி உடைப்பது என்று தெரியவில்லை. தினமும் பொழிச்சலூர் வரைக்கும் இந்தச் சத்தத்தை அவள் ஒருத்தியாக, இவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கேட்டுக்கொண்டே போய் வருவாள். அதை நினைக்க அவருக்குத் தாங்கவில்லை.

“மத்தியானம் வெண்டைக்காய் வறுக்கட்டுமா, மோர்க்குழம்பு வைக்கட்டுமா?” என்றாள்.

“ஏதாவது பண்ணு” என்றார்.

வழியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருந்த ஸ்பீடு பிரேக்கர் நெருங்கியது. வண்டி வேகம் குறைந்தது. பக்தவச்சலம் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி, முன்சீட்டுக்கு மேலே தெரிந்த அவள் தோளையே கவனமாகப் பார்த்தார். முன்சக்கரம் ஏறியது. பின்சக்கரம் இறங்கியது. தோள் கொஞ்சமாக, மிகக் கொஞ்சமாக, உயர்ந்தது. மடியில் கிடந்த அவருடைய கட்டைவிரல் உடனே மடங்கி, கையில் இல்லாத பட்டனை ஒரு தடவை அமுக்கியது.